ரேடியேட்டர் ஓகே, டைனமோ ஓகே… அப்புறம் ஏன் வண்டி மலை ஏறல?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோட், வேலை, ஏஐ-ன்னு பேசுவோம். இந்த வாரம் ஒரு காரைப் பத்திப் பேசப் போறேன். புது கார் ரிவ்யூ எல்லாம் இல்ல. 1998-ல ரிஜிஸ்டர் ஆன ஒரு மாருதி 800. என்னோடதும் இல்ல, அப்பாவோடது. நான் ரெண்டாவது படிக்கும்போது செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். அதுல பின் சீட்ல தூங்கிட்டே வளர்ந்தவன் நான்.

அப்பாவும் அம்மாவும் ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் அம்பத்தூர் வீட்டை விட்டுட்டு, அப்பாவோட சொந்த ஊரான திருத்தணிக்கே போயிட்டாங்க. அப்பாவுக்கு 67 வயசு. முட்டி வலி, அதனால டூ வீலரை விட்டுட்டார். பேங்க், மார்க்கெட், அரக்கோணத்துல டாக்டர், எல்லாத்துக்கும் இந்த 800-தான். கார் நின்னா பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட போய், "தம்பி, கொஞ்சம் கூட்டிட்டுப் போறியா"ன்னு கேட்கணும். அவர் அதைக் கேட்க மாட்டார். வீட்டுலயே உட்கார்ந்துடுவார். அதனால இந்தக் கதைல கார்தான் ரிப்பேர் ஆச்சுன்னாலும், எனக்குக் கவலை காரைப் பத்தி மட்டும் இல்ல.

மலைப்பாதையில் நடந்தது

திருத்தணி தெரியாதவங்களுக்கு: முருகனோட அறுபடை வீடுகள்ல ஐந்தாவது. கோயில் மலை மேல. படி வழியா போனா 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. கார்ல போக தனி மலைப்பாதை இருக்கு. ஒரு மாசக் கிருத்திகை அன்னைக்கு நான் ஊர்ல இருந்தேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மாதிரி இல்ல, இருந்தாலும் வண்டிங்க வரிசையா, ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து ஊர்ந்துதான் போகுது. நான் ஓட்டுறேன், அப்பா பக்கத்துல, அம்மா பின்னாடி தேங்காய் பழத் தட்டோட.

பாதி மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் ‘எச்’ பக்கம் நகர ஆரம்பிச்சுது. அதே நேரம் டேஷ்போர்டுல அந்த சின்ன சிவப்பு பேட்டரி லைட் மங்கலா எரியுது. ஆக்சிலரேட்டர் மிதிச்சா அணையுது, விட்டா எரியுது. அடுத்த வளைவுல பானெட் ஓரமா ஆவி. ஓரம் கட்டினேன். இறங்கி பானெட்டைத் தூக்கி, ஒரு துணியை எடுத்து ரேடியேட்டர் மூடி மேல கை வைச்சேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடிச்சார். "கையை எடுடா"ன்னு ஒரே அதட்டல். சின்ன வயசுல கூட அப்படி அதட்டினது ஞாபகம் இல்ல.

அவர் பிடிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு சொல்றேன், ஏன்னா இது இந்த எபிசோட்ல இருந்து நீங்க எடுத்துட்டுப் போக வேண்டிய முதல் விஷயம். தண்ணி 100 டிகிரில கொதிக்கும்னு படிச்சிருக்கோம். அது திறந்த பாத்திரத்துல. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல, ஸ்பிரிங் வைச்ச ஒரு பிரஷர் வால்வு, நம்ம குக்கர் வெயிட் மாதிரி. பல சின்ன கார்களோட மூடி மேலயே 0.9-ன்னு போட்டிருக்கும். அந்த அழுத்தத்துல தண்ணி கிட்டத்தட்ட 119 டிகிரி வரை கொதிக்காம திரவமாவே இருக்கும். நீங்க மூடியைத் திறந்த அடுத்த நொடி அழுத்தம் போயிடும். 110 டிகிரில இருக்கிற தண்ணி அந்த நொடியே கொதிச்சு, ஆவியும் வெந்நீருமா உங்க முகத்தைப் பார்த்து வரும். துணி அதைத் தடுக்காது. வண்டியை நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க, அரை மணி நேரத்துக்கு மேல காத்திருங்க. மேல இருக்கிற தடிமனான ஹோஸைத் தொட்டா சூடு இல்லாம, அமுக்கினா மெத்துன்னு இருக்கணும். அப்புறம்தான் மூடி. காத்திருக்கிற நேரத்துல இன்ஜின் மேல பச்சைத் தண்ணியை ஊத்தாதீங்க. அலுமினிய ஹெட் சூட்டுல விரிஞ்சு இருக்கும், ஒரு பக்கம் மட்டும் சட்டுனு குளிர்ந்தா வளையவோ விரியவோ வாய்ப்பு இருக்கு.

அன்னைக்கு சாமி பார்க்கல. அம்மா மட்டும் யாரோ ஒருத்தர் கார்ல மேல போயிட்டு வந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அப்பதான் அப்பா சொன்னார்: "காயலான் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். ஆர்சி வேற புதுப்பிக்கணும். போதும் இதோட."

மூணு பேரும் சரியாத்தான் சொன்னாங்க

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். இது ஒரே நாள்ல வந்த பிரச்சினை இல்ல.

அதுக்கு எட்டு மாசம் முன்னாடி ஒரு காலைல வண்டி செல்ஃப் எடுக்கல. நான் சென்னைல இருந்துட்டே ஆன்லைன்ல ஒரு புது பேட்டரி ஆர்டர் பண்ணேன். பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நாலு மாசத்துல அந்தப் பேட்டரியும் படுத்துச்சு. வாரண்டில மாத்திக் கொடுத்தாங்க. "டைனமோவைப் பாருங்க, சார்ஜ் ஏறல"ன்னு சொன்னாங்க. ஆல்டர்னேட்டரைத்தான் நம்ம ஊர்ல இன்னும் டைனமோன்னு சொல்றோம். அதைக் கழட்டி எலக்ட்ரிக்கல் கடைக்குக் கொண்டு போனோம். அவர் மேஜை மேல மோட்டாரோட இணைச்சு சுத்தவிட்டுப் பார்த்தார். 14 வோல்ட்டுக்கு மேல அழகா கொடுக்குது. "கார்பன் மட்டும் மாத்தியிருக்கேன், டைனமோ நல்லா இருக்கு"ன்னார்.

இன்னொரு பக்கம் ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுட்டே இருந்துச்சு. அப்பா வாரம் ஒரு தடவை போர் தண்ணியை ஊத்திட்டு இருந்தார். ரேடியேட்டர் கடைக்காரர் அதைக் கழட்டி, ஓட்டையெல்லாம் அடைச்சு, தொட்டில முக்கி, காத்து அடிச்சுப் பார்த்தார். ஒரு குமிழி வரல. "ரேடியேட்டர் நல்லா இருக்கு"ன்னார்.

பேட்டரி நல்லா இருக்கு, டைனமோ நல்லா இருக்கு, ரேடியேட்டர் நல்லா இருக்கு. மூணு பேர் சொன்னதும் உண்மை. வண்டி மட்டும் ஓடல. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும்: எல்லா யூனிட் டெஸ்ட்டும் பாஸ், ப்ரொடக்‌ஷன்ல போய் விழுது. ஒவ்வொரு பாகத்தையும் வண்டில இருந்து கழட்டி, தனியா வைச்சு டெஸ்ட் பண்ணோம். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவுல என்ன இருக்குன்னு யாரும் பார்க்கல. பார்த்திருக்க வேண்டியது நான்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, சொல்லக் கொஞ்சம் வெட்கமா இருக்கு. அப்பா எனக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "காலைல ஸ்டார்ட் பண்ணா அணில் கத்துற மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம் வருதுடா, அரை நிமிஷத்துல நின்னுடுது." நான் தம்ஸ் அப் போட்டேன். அவ்வளவுதான்.

"பெல்ட்டு சூடு"

மலைல இருந்து வண்டியை மெதுவா இறக்கி, ஊருக்குள்ள அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டோம். ஓலைக் கொட்டகை, ஒரு பையன் உதவிக்கு. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது தெலுங்குல. திருத்தணில இது சாதாரணம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊர் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. எல்லை மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறல. நான் அம்பத்தூர்ல வளர்ந்தவன், எனக்குத் தெலுங்கு சினிமா அளவுக்குத்தான்.

அண்ணன் எந்த ஸ்பேனரையும் எடுக்கல. டார்ச்சை எடுத்தார். இன்ஜினோட பெல்ட் இருக்கிற பக்கம் குனிஞ்சு, கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பையன்கிட்ட "பெல்ட்டு சூடு"ன்னார். நான் முந்திக்கிட்டு, "ஆமாண்ணா, மொத்த இன்ஜினும் சூடுதான்"னேன். அப்பா சிரிச்சுட்டார். தெலுங்குல ‘சூடு’ன்னா ‘பாரு’. பெல்ட்டைப் பாருன்னு சொல்லியிருக்கார். (சிரிப்பு)

பார்த்தோம். ஆறின இன்ஜின்ல பெல்ட்டை விரலால தடவச் சொன்னார். உள் பக்கம் வழவழன்னு, பளபளன்னு இருக்கு. வாட்டர் பம்ப்புக்கு அடியில இருந்து கீழ ஒரு வெள்ளையும் துருவும் கலந்த கோடு, காஞ்ச உப்பு மாதிரி. பம்ப்போட புல்லியைப் பிடிச்சு ஆட்டினார். லேசா ஆடுது. "தம்பி, ரெண்டு கம்ப்ளெய்ண்ட் இல்ல. ஒண்ணுதான்"னார். பத்து நிமிஷம் கூட ஆகல.

ஒரே பெல்ட்

இப்ப அதை விளக்குறேன். மாருதி 800-ல இருக்கிறது 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின். கிராங்க் புல்லில இருந்து ஒரு வி-பெல்ட் போகுது. நம்ம ஊர்ல ஃபேன் பெல்ட்னு சொல்றது அதைத்தான், அது இந்த வண்டில ஃபேனைச் சுத்துறதில்லைன்னாலும். அந்த ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுத்துது, ஆல்டர்னேட்டரையும் சுத்துது. ரேடியேட்டர் ஃபேன் தனி, அது கரண்ட்ல ஓடுற மோட்டார்.

வாட்டர் பம்ப்புக்குள்ள ஒரு ஷாஃப்ட், அதைத் தாங்குற பேரிங், தண்ணி பேரிங் பக்கம் வராம தடுக்க ஒரு சீல். சீல் தேய்ஞ்சா தண்ணி பேரிங்குள்ள போய் அதை அழிச்சுடும். அதனால நடுவுல, அடியில ஒரு சின்ன ஓட்டையை வேணும்னே வைச்சிருப்பாங்க. கசியற தண்ணி அது வழியா வெளிய வரும். அந்த ஓட்டைல இருந்து சொட்டுச்சுன்னா பம்ப் உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்குதுன்னு அர்த்தம். அதை எம்-சீல் வைச்சு அடைக்கக் கூடாது, பம்ப்பை மாத்தணும்.

எங்க வண்டில நடந்தது இதுதான். பம்ப் சீல் கசிஞ்சுது. கசிஞ்ச தண்ணி பெல்ட் மேல தெறிச்சுது. நனைஞ்ச பெல்ட் வழுக்குச்சு. காலைல வந்த அணில் சத்தம் அதுதான். வழுக்கினதால ஆல்டர்னேட்டர் போதுமான வேகத்துல சுத்தல, சார்ஜ் குறைஞ்சுது. வாட்டர் பம்ப்பும் போதுமான வேகத்துல சுத்தல, கூலண்ட் ஓட்டம் குறைஞ்சுது. வோல்டேஜ் குறைஞ்சதால ரேடியேட்டர் ஃபேனும் மெதுவாச்சு. சூடு ஏறுச்சு, அழுத்தம் ஏறுச்சு, கசிவு இன்னும் அதிகமாச்சு, பெல்ட் இன்னும் நனைஞ்சுது. ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிட்டே போற சக்கரம்.

அப்ப ஏன் ஹைவேல ஒண்ணும் தெரியல? திருவள்ளூர் வழியா சென்னை வரும்போது வண்டி 60, 70-ல போகும். எதிர்க்காத்தே ரேடியேட்டரைக் குளிர வைக்கும், ஃபேன் ஓட வேண்டிய வேலையே குறைவு. இன்ஜின் வேகமா சுத்துறதால, கொஞ்சம் வழுக்கினாலும் ஆல்டர்னேட்டர் ஒப்பேத்திடும். மலைப்பாதைல ஊர்ந்து போகும்போது காத்து இல்ல, ஃபேன் விடாம ஓடணும், கிளட்ச் மிதிச்சு நிக்கும்போதெல்லாம் இன்ஜின் ஐடில்ல இருக்கு. எல்லா பலவீனமும் ஒரே நேரத்துல வெளிய வந்துடும். கூடவே திருத்தணி வெயில். கோடைல தினமும் வர்ற வெயில் பட்டியல்ல 40 டிகிரியைத் தாண்டின ஊர்கள்ல இந்தப் பேர் அடிக்கடி இருக்கும்.

தரைல ஏன் தண்ணி சொட்டினதே தெரியலன்னு எனக்கும் சந்தேகம் வந்துச்சு. வண்டி ஓடும்போது கசியற தண்ணி சூடான இன்ஜின் மேல பட்டு ஆவியாயிடும். நிறுத்தின இடத்துல குளம் கட்டாது. அதனால ஈரத்தைத் தேடாதீங்க, காஞ்ச தடத்தைத் தேடுங்க. வெள்ளை, பச்சை, துரு நிறத்துல உப்புப் படிஞ்ச மாதிரி கோடு இருக்கும்.

நீங்களே செய்யக்கூடிய சார்ஜிங் டெஸ்ட்

ஒரு சின்ன டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி-ல வைங்க. சுத்துற பெல்ட் பக்கத்துல துப்பட்டா, வேட்டி நுனி, தொங்குற இயர்போன் எதுவும் போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் இன்ஜினை அணைச்சப்புறமும் திடீர்னு சுத்தலாம், விரலை அங்க வைக்காதீங்க.

முதல்ல, ராத்திரி முழுக்க நின்ன வண்டில பேட்டரியை அளங்க. 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.2 பக்கம் இருந்தா பாதி. 12-க்குக் கீழன்னா கிட்டத்தட்ட காலி.

ரெண்டாவது, சாவியை ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிவப்பு பேட்டரி லைட் எரியணும். எரியலைன்னா சந்தோஷப்படாதீங்க. பல பழைய வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ண ஆரம்பிக்கத் தேவையான முதல் கரண்ட் அந்த லைட் வழியாத்தான் போகுது. சில சமயம் அந்த பல்ப் ஃபியூஸ் ஆனதுதான் முழுப் பிரச்சினையாவே இருக்கும்.

மூணாவது, ஸ்டார்ட் பண்ணி மறுபடி பேட்டரில அளங்க. 13.8-ல இருந்து 14.5 வரை இருக்கணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போயிருக்கு, அது பேட்டரியை வேக வைச்சுடும்.

நாலாவதுதான் நாங்க செய்யாம விட்டது: லோடு போட்டு அளக்கிறது. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாத்தையும் போடுங்க. ரெண்டு ஹெட்லைட்டுக்கே சுமார் 110 வாட் வேணும். அந்தக் கரண்டைக் கொடுக்க ஆல்டர்னேட்டரைச் சுத்துறது கடினமாகும், வழுக்குற பெல்ட் அங்கதான் மாட்டும். லோடு போட்டும் 13.5 பக்கம் நின்னா நல்லது. எங்க வண்டில லைட் இல்லாம 13.9 காட்டுச்சு, லைட்டும் ஃபேனும் போட்டதும் 12.3-க்கு விழுந்துச்சு. கடைக்காரர் மேஜைல அது ஏன் பாஸ் ஆச்சுன்னு இப்ப புரியுதா? அங்க நனைஞ்ச எங்க பெல்ட் இல்ல.

பெல்ட் நல்லா இருந்தும் வோல்டேஜ் விழுந்தா அடுத்து ஒயர். இன்ஜின் ஓடும்போது, லைட் போட்டு, ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற தடிமனான ஒயர் திருகுல ஒரு முனை, பேட்டரி பிளஸ்ல இன்னொரு முனை. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா வழில எங்கயோ கரண்ட் சிக்குது: துருப்பிடிச்ச டெர்மினல், கருகின ஃபியூஸ் இணைப்பு. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.2-க்கு மேல இருந்தா எர்த் சரியில்ல. பாதிப் பழைய வண்டிக்கு உப்புத்தாள் தேய்ச்சு, டெர்மினலை இறுக்கினாலே சரியாயிடும்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. ஓடுற வண்டில பேட்டரி ஒயரைக் கழட்டி, "வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லா இருக்கு"ன்னு சொல்ற டெஸ்ட். அப்பா காலத்து டைனமோவுக்கு அது ஓகேவா இருந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர்ல அந்த நொடி வோல்டேஜ் எகிறும். டயோடும், வண்டில இருக்கிற எலக்ட்ரானிக்ஸும் போயிடலாம்.

கூலண்ட் எங்க போகுதுன்னு தேட

இன்ஜின் ஆறின காலைல, ரிசர்வ் டேங்க்ல லெவலை மார்க்கரால கோடு போடுங்க. ராத்திரி வண்டிக்கு அடியில பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு வைங்க. எந்த இடத்துல கறைன்னு பார்த்தா தேடுற இடம் சுருங்கிடும். ஹோஸ் ரெண்டு முனையும், கிளிப் இருக்கிற இடமும், பம்ப்போட அடிப்பாகமும், ரேடியேட்டரோட ஓரத் தையலும்தான் முதல்ல பார்க்க வேண்டியது. ஹோஸை அமுக்கும்போது மொறுமொறுன்னு சத்தம் வந்தா அது காலம் முடிஞ்சது. மூடியோட ரப்பர் விரிஞ்சிருந்தாலும் தண்ணி குறையும். மூடி மலிவு, முதல்ல அதை மாத்திப் பார்க்கலாம்.

வெளிய எங்கயும் தடம் இல்லாம குறைஞ்சுட்டே இருந்தா ஹெட் கேஸ்கட் சந்தேகம். சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி வெளுத்த படிவு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணதுமே ஹோஸ் கல்லு மாதிரி இறுகுறது, இதெல்லாம் அடையாளம். அப்படி இருந்தா ஓட்டாதீங்க. நாங்க இன்னும் ரெண்டு தடவை அதே மாதிரி மலை ஏறியிருந்தா அங்கதான் போய் நின்னிருப்போம். அப்ப காயலான் கடை முடிவு சரியாவே இருந்திருக்கும்.

லாரி டிரைவர்கள்கிட்ட ஒரு கை வைத்தியம் உண்டு. ஒழுகுற ரேடியேட்டர்ல மஞ்சள் தூள் போடுறது. தூள் ஓட்டைல போய் அடைச்சு, வீடு வந்து சேர வைக்கும், உண்மைதான். ஆனா ஓட்டை எது, ரேடியேட்டரோட மெல்லிசான குழாய் எதுன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டையும் அடைக்கும். தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுறதும் அப்படித்தான். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடக் குடிக்கும், உண்மையான காரணம் மறைஞ்சுடும்.

சரி பண்ணது

பம்ப் மாத்துற வேலையை அண்ணன்கிட்டயே விட்டேன். பம்ப்பைக் கழட்ட டைமிங் பெல்ட் பக்கம் பிரிக்கணும்னா, அந்த பெல்ட்டோட வயசையும் அப்பவே கேளுங்க, ஒரே கூலில முடிஞ்சுடும். பம்ப், கேஸ்கட், பெல்ட், மேல் கீழ் ரெண்டு ஹோஸ், கிளிப், புது மூடி. நனைஞ்ச பெல்ட்டைத் துடைச்சு மறுபடி போட வேண்டாம், உள்ள ஊறினது போகாது. புது பெல்ட்டை நடுவுல கட்டை விரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டருக்குள்ள அமுங்கணும். ரொம்ப இறுக்கினா புது பம்ப் பேரிங்கையே அது தின்னுடும். ஒரு வாரம் ஓட்டினப்புறம் மறுபடி பார்க்கணும், புது பெல்ட் கொஞ்சம் தளரும்.

உள்ள இருந்து வந்த தண்ணி டீ டிகாக்‌ஷன் கலர்ல இருந்துச்சு. வருஷக்கணக்கா ஊத்தின போர் தண்ணியோட உப்பும் துருவும். சீல் தேய்ஞ்சதுல அதுக்கும் பங்கு இருக்கு. வண்டியைக் குறை சொல்ல முடியாது, நாங்க பண்ணது. வர்ற தண்ணி தெளியற வரைக்கும் ஃப்ளஷ் பண்ணிட்டு, கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்தினோம். நம்ம ஊர்ல பனி உறையாதே, கூலண்ட் எதுக்குன்னு கேட்பாங்க. அதுல துருவைத் தடுக்குற மருந்து இருக்கு, கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்துது. நமக்கு அந்த ரெண்டும்தான் வேணும். மூடியைத் திறந்து வைச்சு, மெதுவா ஊத்தி, இன்ஜினை ஐடில்ல ஓட விட்டா தெர்மோஸ்டாட் திறக்கும், மேல் ஹோஸ் சூடாகும், உள்ள மாட்டின காத்து குமிழியா வெளிய வரும், லெவல் இறங்கும். இறங்கினதை நிரப்பிட்டு மூடணும்.

கூலண்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், விஷம். வடிச்சதை வாசல்ல ஊத்திடாதீங்க. தெரு நாய் நக்கும், குழந்தை தொடும்.

மொத்தச் செலவு ஒரு புது பேட்டரி விலையைவிடக் கம்மி. பார்ட்ஸ் அன்னைக்கே கிடைச்சுது. 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரில உற்பத்தி நின்ன வண்டி இது. 25 லட்சத்துக்கும் மேல வித்திருக்காங்க. அதனால சின்ன ஊர் பார்ட்ஸ் கடைலயும் இன்னும் இருக்கு.

உங்க வீட்டு வண்டி வேற மாடலா இருந்தா, முதல்ல பெல்ட் எதை எதைச் சுத்துதுன்னு பாருங்க. பல புது கார்கள்ல வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் சுத்தும், அங்க இந்தக் கதை இப்படியே பொருந்தாது. ஆனா ரெண்டு பிரச்சினை ஒண்ணா வந்தா, ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு தேடறது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

மறுபடி மலை

ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை மறுபடி ஏறினோம். இந்தத் தடவை அப்பா ஓட்டினார். நான் பக்கத்துல மல்டிமீட்டரை மடில வைச்சுட்டு, அதோட ஒயரை சிகரெட் லைட்டர் பாயிண்ட்ல சொருகிட்டு உட்கார்ந்திருந்தேன். ஹெட்லைட் போட்டு, ஊர்ந்து, வளைவுல நின்னு, மறுபடி நகர்ந்து, 13.7-க்குக் கீழ போகல. முள் நடுவுலயே நின்னுச்சு. அம்மா, "ரெண்டு பேரும் சாமியைப் பார்க்க வந்தீங்களா, அந்த மிஷினைப் பார்க்க வந்தீங்களா"ன்னாங்க.

காயலான் கடைக்காரர் ஒரு நாள் வந்தாராம். அப்பா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டார். ஆர்சி புதுப்பிக்கிற வேலை இன்னும் இருக்கு, அதுக்கு லீவு போட்டுட்டு நானும் போறேன். டேஷ்போர்டுல இப்ப ஒரு சின்ன நோட்டு இருக்கு. தேதி, கிலோமீட்டர், ரிசர்வ் டேங்க் லெவல், ‘சத்தம் இல்லை’ன்னு அப்பா கையெழுத்துல.

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். "இடது பக்கம் திருப்பினா டக்கு டக்குன்னு ஏதோ சத்தம் வருதுடா." இந்தத் தடவை தம்ஸ் அப் போடல. கூப்பிட்டேன். எந்த வேகத்துல, எந்தப் பக்கம், எப்ப இருந்துன்னு இருபது நிமிஷம் பேசினோம். டிரைவ் ஷாஃப்ட்னு சந்தேகம். அது வேற எபிசோட்.

உங்க வீட்டுல நிக்கிற பழைய வண்டிக்கு என்ன கதைன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.